அம்பத்தூர் லேத்தும் ஆறு வரி நிரலும்

இரண்டு எண்களைக் கேட்கும். இரண்டையும் மீதியின்றி வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணைச் சொல்லும். அத்தோடு வேலை முடிந்தது. மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு இதைவிடப் பெரிய ஜாதகம் கிடையாது. பட்டன், படம், வண்ணம் எதுவும் இல்லாமல் கறுப்புத் திரையில் எழுத்தாக மட்டும் ஓடும் இந்தக் கன்சோல் நிரல், தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கும் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்நியமானதல்ல. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் நெருக்கமாக நிற்கும் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் போன்ற இடங்களில் முதலாண்டு லேப் பயிற்சிகளிலும் இது அடிக்கடி தலைகாட்டும். 12, 18 என்று கொடுத்தால் 6 வரும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடும். "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்ற கேள்வி அந்த இடத்தில் நியாயமானதுதான். ஆனால் இதையே இன்னும் நல்ல நிரலாக மாற்றச் சொன்னால் பலரும் முதலில் தேடுவது வேகத்தை. இரண்டாவதாகத் தேடுவது வரிகளைக் குறைக்கும் வித்தையை. வேகம் தேவையான முதல் படி, ஆனால் எல்லாவற்றிலும் சுலபமான படியும் அதுதான் என்பது என் வாதம். அந்த நிரல் சொன்ன எண்ணை நம்பி ஒருவர் இரும்பை வெட்டத் தொடங்கலாமா என்பதை வைத்துத்தான் மேம்பாட்டை அளக்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அந்தக் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது.

1960களில் உருவாகி, இன்று சிட்கோவின் பெயரோடு அறியப்படும் அந்தப் பேட்டையில் லேத், மில்லிங், கிரைண்டிங் என்று உலோகத்தோடு மல்லுக்கட்டும் சிறு பட்டறைகள் நிறைய. பக்கத்து ஆவடியில் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ன் கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரின் டிஐ சைக்கிள்ஸும் டிஐ டயமண்ட் செயினும் இந்த வட்டாரத்தின் பழைய பெயர்கள். சைக்கிளோ டாங்கியோ, பல் வைத்த சக்கரம் இருக்கும் இடமெல்லாம் மீப்பெரு பொது வகுத்தி ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். 100 கண்ணிகள் கொண்ட ஒரு செயின், 20 பற்கள் கொண்ட சக்கரத்தின் மேல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 100-க்கும் 20-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 20. அதனால் ஒரு கண்ணி எத்தனை சுற்று சுற்றினாலும் அதே ஒரு பல்லின் மேல்தான் வந்து உட்காரும். அந்தப் பல்லில் சின்னக் குறை இருந்தால் அது அந்தக் கண்ணிகளை மட்டும் தின்றுகொண்டே இருக்கும். சக்கரத்துக்கு 21 பல் வைத்தால் பொது வகுத்தி 1 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு கண்ணியும் 21 பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் எல்லோருக்கும் பங்காகும். செயினில் கண்ணிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் இரட்டைப்படையாக இருப்பதால் சக்கரத்துக்கு ஒற்றைப்படைப் பற்கள் நல்லது என்று தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டு. ஆனால் 25-ம் ஒற்றைப்படைதான். 100 கண்ணிச் செயினை 25 பல் சக்கரத்தில் போட்டால் பொது வகுத்தி 25. மறுபடியும் ஒரு கண்ணிக்கு ஒரே பல். வாய்ப்பாடு கைவிடும் இடத்தில் கணக்கு கைகொடுக்கிறது. கியர் ஜோடிகளுக்குப் பல் எண்ணிக்கை முடிவு செய்யும்போது, சுமை ஒரே பற்கள்மேல் விழாமலிருக்கப் பொதுக் காரணி இல்லாத எண்களைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இனி வேகத்துக்கு வருவோம். புதிதாக எழுதுபவர் இயல்பாகப் போகும் வழி இது: இரண்டில் சிறிய எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, இரண்டையும் மீதியின்றி வகுக்கும் முதல் எண்ணில் நின்றுவிடுவது. 600, 175 என்ற எண்களுக்கு இது 175-லிருந்து 25 வரை 151 முறை சோதித்துப் பார்க்கும். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிவைத்த வழியில் 600-ஐ 175-ஆல் வகுத்தால் மீதி 75; 175-ஐ 75-ஆல் வகுத்தால் மீதி 25; 75-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மூன்றே வகுத்தல்களில் விடை 25. இதே வகுத்தல் சங்கிலியை வேறொரு வகைக் கணக்கைத் தீர்க்க ஆரியபட்டர் 499-ல் பயன்படுத்தினார். குட்டகம் என்று பெயர் பெற்ற முறை அது. நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் யூக்ளிடின் முறை இருக்கிறது. கணக்கு வகுப்பில் வகுத்து வகுத்து விடை கண்ட அதே மாணவர், கணினி லேபுக்கு வந்ததும் ஒன்று ஒன்றாக இறங்கும் லூப்பை எழுதுகிறார் என்றால், இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் யாரோ ஒரு சுவரைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். வித்தியாசம் சின்னதும் அல்ல. ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபொனாச்சி வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் 1,83,63,11,903, 1,13,49,03,170 என்ற இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். யூக்ளிடை அதிகம் அலைக்கழிக்கும் வகை எண்கள் இவை. அப்படியும் அவருக்கு 44 வகுத்தல்கள் போதும். இறங்கும் லூப்புக்கோ விடையான 1-ஐத் தொடுவதற்குள் 113 கோடிக்கும் மேற்பட்ட சோதனைகள். சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்களோ அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் யூக்ளிடின் படிகள் போகாது என்று 1844-ல் காப்ரியேல் லாமே நிரூபித்துவிட்டார். பத்து இலக்க எண் என்றால் எவ்வளவு மோசமாகப் போனாலும் 50 படி.

ஆகவே லூப்பைத் தூக்கிவிட்டு யூக்ளிடை வைப்பதில் விவாதமே இல்லை. விவாதம் அதற்கு அப்பால். 1967-ல் ஜோசப் ஸ்டைன் வெளியிட்ட முறையில் வகுத்தலே கிடையாது; இரண்டால் பாதியாக்குவதும் கழிப்பதும்தான். அதைப் போட்டால் இன்னும் வேகம் வருமே என்பார்கள். வேகமே உயிராக இருக்கும் இடங்கள் உலகத்தில் உண்டு என்பதை மறுக்க முடியாது. 2012-ல் ஆய்வாளர்கள் இணையத்தில் பொதுவெளியில் கிடைக்கும், தகவலைப் பூட்டப் பயன்படும் ஆர்எஸ்ஏ சாவிகளை லட்சக்கணக்கில் திரட்டி, அவற்றுக்கிடையே மீப்பெரு பொது வகுத்தியைக் கணக்கிட்டார்கள். சரியான தற்செயல் எண் இல்லாமல் உருவான சில சாவிகள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்ததால், அந்தப் பொது வகுத்தி வெளியே வந்ததும் பூட்டே திறந்துவிட்டது. ஒவ்வொரு சாவியும் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் நீளம். அங்கே நொடியின் ஒவ்வொரு துளிக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கன்சோல் முன்னால் உட்கார்ந்து இரண்டு எண்களைத் தட்டச்சு செய்கிற மனிதருக்கு, விசைப்பலகையில் விரல் வைக்கும் நேரத்துக்குள் யூக்ளிட் ஆயிரம் முறை முடித்துவிடுவார். பட்டறைக் கணக்கில் எண்கள் சில ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. அங்கே வேகத்தை மேலும் கூட்டுவது, நிற்கிற பஸ்ஸுக்கு ஹாரனைப் பெரிதாக்குவது போல.

உண்மையான சிக்கல், எதிர்பாராத எண் உள்ளே வரும்போது தொடங்குகிறது. முதல் ஆள் பூஜ்யம். சிறிய எண்ணிலிருந்து இறங்கும் பழைய நிரலில் 18, 0 என்று கொடுத்தால், அது முதல் அடியிலேயே பூஜ்யத்தால் வகுக்கப் போய்ச் செத்து விழும். 1-லிருந்து மேலே ஏறும் வகை நிரல் லூப்புக்குள் நுழையாமலே, தொடக்கத்தில் மாறியில் என்ன இருந்ததோ அதை விடை என்று காட்டும். வகுத்தலுக்குப் பதில் திரும்பத் திரும்பக் கழிக்கும் நிரலோ 18-லிருந்து பூஜ்யத்தைக் கழித்துக் கழித்து, மின்சாரம் போகும்வரை ஓடும். மூன்று நிரல்களும் 12, 18-க்கு ஒன்றுபோல 6 சொன்னவைதான். யூக்ளிடின் வகுத்தல் முறையில் இந்தக் கேள்விக்கு இயல்பாகவே 18 என்று வரும். அது சரியும்கூட, ஏனென்றால் பூஜ்யத்தை எந்த எண்ணும் மீதியின்றி வகுக்கும். இரண்டுமே பூஜ்யமாக இருந்தால்? 'மிகப் பெரிய' வகுத்தி என்று ஒன்று அங்கே கிடையாது. கணித வழக்கப்படி விடையை 0 என்று வைத்துக்கொள்கிறார்கள், சி++, பைத்தான் இரண்டின் நூலகங்களும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் பல் எண்ணிக்கை கேட்கும் நிரலில் பூஜ்யம் வந்தால் வழக்கத்தைப் பின்பற்றி 0 என்று சொல்வது மரியாதையாக இருக்காது. பல் இல்லாத சக்கரம் இல்லை, எண்ணைச் சரிபார்க்கவும் என்று சொல்வதுதான் மரியாதை. கணக்கிடும் பகுதியும் கேட்கும் பகுதியும் வேறு வேறு பொறுப்புகள் கொண்டவை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது ஆள் மைனஸ். இடது மரையை மைனஸ் பிட்ச் (பிட்ச் என்பது மரையின் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையிலான தூரம்) என்று குறிக்க நினைக்கும் ஒருவர் -18, 12 என்று கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே யூக்ளிட், ஒரே வரிகள்; ஆனால் சி++-ல் எழுதினால் -6 வரும், பைத்தானில் எழுதினால் 6 வரும். காரணம் எளியது: சி++-ல் மீதியின் குறி வகுபடும் எண்ணைப் பின்பற்றும், பைத்தானில் வகுக்கும் எண்ணைப் பின்பற்றும். அப்படியானால் பைத்தான் பாதுகாப்பானதா என்றால், அங்கே 12, -18 என்று வரிசையை மாற்றிக் கொடுத்தால் -6 வந்து நிற்கும். இது மாணவர்கள் மட்டும் தடுக்கிய கல் அல்ல. பைத்தானின் பின்னங்களுக்கான தொகுப்பில் நெடுங்காலம் இருந்த பொது வகுத்திச் சார்பே இரண்டாவது எண்ணின் குறியைத் தூக்கிக்கொண்டு வந்தது. 2015-ல் வந்த 3.5 பதிப்பில்தான் எப்போதும் மைனஸ் இல்லாத விடை தரும் சார்பைக் கணிதத் தொகுப்பில் சேர்த்தார்கள். பழையதைப் பிறகு 3.9-ல் நீக்கியே விட்டார்கள். கணக்கிடுவதற்கு முன்பே இரண்டு எண்களின் குறியையும் கழற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஏறத்தாழ தீரும் என்று சொல்ல வேண்டும்: 32 பிட் முழு எண்ணில் கீழ் எல்லை -2,14,74,83,648, மேல் எல்லை 2,14,74,83,647. அந்தக் கடைசி மைனஸ் எண்ணுக்கு அதே அளவில் பிளஸ் ஜோடி கிடையாது. அதனால் அதை மட்டும் வாசலிலேயே நிறுத்த வேண்டும், அல்லது பெரிய அளவு முழு எண்ணுக்கு மாற வேண்டும்.

ஆனாலும் பட்டறைக்காரரைப் பூஜ்யமோ மைனஸோ அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அவரைக் கவிழ்ப்பது புள்ளி. லேத்தில் மரை வெட்டும்போது, ஜாப் ஒரு சுற்று சுற்றினால் டூல் ஒரு பிட்ச் நகர வேண்டும். டூலை நகர்த்துவது லீடு ஸ்க்ரூ. வெட்ட வேண்டிய பிட்சை லீடு ஸ்க்ரூவின் பிட்சால் வகுத்தால் வரும் பின்னம்தான் ஓட்டும் சக்கரத்துக்கும் ஓடும் சக்கரத்துக்கும் உள்ள பல் விகிதம். அம்பத்தூர் அரசினர் ஐடிஐ போன்ற இடங்களில் டர்னர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இது பாடம். கியர் பாக்ஸ் லீவரைத் திருப்பினாலே வழக்கமான பிட்சுகள் கிடைத்துவிடும். வழக்கத்துக்கு மாறான பிட்ச் வரும்போது சேஞ்ச் கியரைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். லீடு ஸ்க்ரூ 6 மில்லிமீட்டர், வெட்ட வேண்டியது 1.75 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 1.75-க்கு 6. இப்போது நம் சி++ நிரலிடம் 1.75 என்று தட்டிப் பாருங்கள். முழு எண்ணுக்காகக் காத்திருக்கும் அது 1-ஐ எடுத்துக்கொண்டு புள்ளியில் நின்றுவிடும். இரண்டாவது எண்ணைக் கேட்கும் இடத்தில், மிச்சமிருக்கும் '.75' குறுக்கே வர, வாசிப்பு தோற்றுப்போகும். 2011-க்குப் பிந்தைய சி++ விதிப்படி, அப்படித் தோற்றால் அந்த மாறியில் 0 போய் உட்காரும். 6 என்று தட்டவே இடம் கிடைக்காது. 1-க்கும் 0-க்கும் பொது வகுத்தி 1 என்று நிரல் நிதானமாக அச்சிடும். தப்பான விடையைச் சரியான விடையின் தோரணையில் சொல்கிற இந்தக் குணம்தான் ஒரு நிரலின் மிகப் பெரிய குறை. இதே இடத்தில் பைத்தான் பிழைச் செய்தியைக் கொட்டிவிட்டு நின்றுபோகும். பார்க்க அசிங்கம், ஆனால் நேர்மை.

புள்ளியைக் கையாள எளிய வழி இருக்கிறது: இரண்டு எண்களையும் 100-ஆல் பெருக்கினால் 175, 600, பொது வகுத்தி 25, விகிதம் 7-க்கு 24. இரண்டு பக்கமும் ஐந்தால் பெருக்கினால் 35 பல் சக்கரம் ஓட்ட, 120 பல் சக்கரம் ஓட வேண்டும். 20-லிருந்து 120 வரை ஐந்து ஐந்தாக ஏறும் சக்கரப் பெட்டியில் இரண்டும் இருக்கும். ஆனால் அந்தப் பெருக்கலைத் தசம எண் வகையில் செய்தால் இன்னொரு குழி காத்திருக்கிறது. கணினி தசமங்களை இரும எண்களாக வைத்துக்கொள்வதால் 0.29-ஐ 100-ஆல் பெருக்கினால் 28.999999999999996 என்று வரும். அதை முழு எண்ணாக்கினால் 28. ஆகவே பிட்சை எழுத்தாகவே வாங்கி, புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்று எண்ணி, புள்ளியை நீக்கிவிட்டு முழு எண்ணாக்குவதுதான் சரி. எழுத்தாக வாங்கும்போது 'ஆறு' என்றோ வெறும் எண்டரோ வந்தால், திரும்பக் கேட்கவும் முடியும். இந்த வேலையெல்லாம் சேர்ந்து யூக்ளிடின் இரண்டு வரிகளைவிடப் பத்து மடங்கு நீளும் என்பது உண்மை. நிரலின் பெரும்பகுதி கணக்குக்குச் செலவாகாமல் மனிதர்களுக்காகச் செலவாவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: லேத்துக்கு முன்னால் நிற்பவருக்கு 25 என்ற விடையால் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது 7-க்கு 24 என்ற சுருங்கிய விகிதம். பொது வகுத்தி அங்கே போகும் வழியில் இருக்கும் ஒரு நிறுத்தம்தான்.

இதனால்தான் கணக்கைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது வெறும் பாடப்புத்தக ஒழுக்கம் இல்லை. கேட்பது, கணக்கிடுவது, அச்சிடுவது மூன்றும் ஒரே இடத்தில் பின்னிக் கிடந்தால், அதே கணக்கைச் செயினுக்கும் மரைக்கும் பயன்படுத்த வரிகளைக் காப்பியடிக்க வேண்டிவரும். பிரித்துவிட்டால், இரண்டு கியர்கள் எத்தனை பல் தொடுகைக்குப் பிறகு மறுபடி தொடக்க நிலைக்கு வரும் என்று சொல்லும் மீச்சிறு பொது மடங்கு இலவசமாகக் கிடைக்கும். அங்கேயும் ஒரு வரிசைக் கவனம் தேவை. 60,000-ஐயும் 50,000-ஐயும் முதலில் பெருக்கினால் 300 கோடி. 32 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிடும். முதலில் பொது வகுத்தி 10,000-ஆல் வகுத்துவிட்டுப் பெருக்கினால் 3,00,000 என்று ஒழுங்காக நிற்கும். பிரித்ததன் இன்னொரு பலன் சோதனை. தூக்கி எறிந்த அந்த மெதுவான லூப் நிரலைக் குப்பையில் போட வேண்டாம். 1-லிருந்து 1000 வரை உள்ள எல்லா ஜோடிகளையும், மொத்தம் பத்து லட்சம், இரண்டு நிரல்களிடமும் கொடுத்து விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். மெதுவாக ஓடினாலும் அதன் தர்க்கம் வெளிப்படை என்பதால், வேகமான புதியவனுக்கு எதிராக நிறுத்தி வைக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இவ்வளவும் எதற்கு, நூலகத்தில் எழுதிவைத்த சார்பு இருக்கிறதே என்பது வலுவான ஆட்சேபம். 2017-ன் சி++ தரத்திலிருந்து அங்கேயும் பொது வகுத்திச் சார்பு உண்டு. கட்டாயம் அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நூலகம் காப்பது நடுவில் இருக்கும் இரண்டு வரிகளைத்தான். 1.75-ஐ 1 என்று விழுங்கும் வாசல் நம் கையில்தான் இருக்கிறது. 25-ஐ 7-க்கு 24 ஆக்கும் கடைசிப் படியும் நம் கையில்தான். கேட்டால் நிரலை முழுசாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இதில் பெரிய மாற்றம் இல்லை: பூஜ்யம் வந்தால் என்ன, புள்ளி வந்தால் என்ன என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது அந்த விடைகளையும் சேர்த்துத் தரும். முதல் மாதத்திலேயே இத்தனையையும் தலையில் ஏற்றினால் பிள்ளைகள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்ற ஆசிரியர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஒரே நாளில் ஏற்றச் சொல்லவில்லை. ஒரே நிரலை ஐந்து வாரம் கழித்துத் திரும்ப எடுத்து, அதன் குறைகளைத் தேடச் சொல்வது, ஐந்து புதிய நிரல்களை ரெக்கார்டில் ஏற்றுவதைவிட அதிகம் கற்றுத்தரும். சிஎன்சி வந்த பிறகு சேஞ்ச் கியரை யார் தொடுகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்த எந்திரங்களை ஓட்டும் சர்வோ டிரைவ்களில் 'எலக்ட்ரானிக் கியர்' என்ற அமைப்பு இருக்கிறது. மோட்டாரின் துடிப்புகளுக்கும் மேசையின் நகர்வுக்கும் உள்ள விகிதத்தைத் தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண்களாகத்தான் அங்கேயும் கொடுக்கிறார்கள், அந்த எண்களுக்கு உச்ச வரம்பும் உண்டு. இரும்புச் சக்கரம் போய்விட்டது. பின்னத்தைச் சுருக்கும் வேலை போகவில்லை.

கடைசியாக ஒரு மேம்பாடு. என் கணக்கில் எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது. பழைய லேத் ஒன்றின் லீடு ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை கொண்டது, அதில் 2 மில்லிமீட்டர் பிட்ச் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1959-ல் உலக நாடுகள் சில சேர்ந்து ஓர் அங்குலத்தைச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று நிர்ணயித்தன. ஆகவே லீடு ஸ்க்ரூவின் பிட்ச் 3.175. புள்ளியை நீக்கினால் 2000-க்கு 3175, பொது வகுத்தி 25, விகிதம் 80-க்கு 127. 127 பகா எண். அதைச் சின்னச் சக்கரங்களாக உடைக்க முடியாது. 127 பல் சக்கரம் ஒன்றைத் தனியாகச் செய்து வைப்பது அதனால்தான். அது இல்லாத பட்டறையில்? நம் நிரல் 80/127 என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். ஆனால் 3175-க்கும் 2000-க்கும் யூக்ளிட் செய்த வகுத்தல்களில் மீதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு, ஈவுகளை நாம் வீசிவிட்டோம். அந்த ஈவுகள் வரிசையாக 1, 1, 1, 2, 2, 1, 4. ஒவ்வோர் ஈவையும் அப்போது கையில் இருக்கும் பின்னத்தின் மேலும் கீழும் பெருக்கி, அதற்கு முந்தைய பின்னத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 80/127 வரும். வழியில் அதற்கு நெருக்கமான சின்னப் பின்னங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கடைசி ஈவுக்கு முன்னால் நின்றால் 17/27, அதற்கும் முந்தைய இடத்தில் 12/19. 17/27-ஐ இரட்டை ஜோடியாக 85/45, 20/60 என்று மாட்டலாம். எல்லாமே ஐந்தின் மடங்குகள். கிடைக்கும் பிட்ச் 1.999 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.046 மில்லிமீட்டர் குறை. 12/19 என்றால் ஒரே ஜோடியில் 60/95 போதும், பிட்ச் 2.005, அதே நீளத்துக்கு 0.26 மில்லிமீட்டர் கூடுதல். 127-க்குப் பதில் 63 பல் சக்கரத்தை வைத்து 40/63 என்று சமாளிக்கும் பழைய வழியில் அந்தப் பிழை 0.79 மில்லிமீட்டர் வரை போகும். ஈவுகளை வைத்துக்கொள்ள நிரலில் கூடுதலாக நான்கு மாறிகளும் சில வரிகளும் போதும். 80/127, 85/45 × 20/60, 60/95 என்று மூன்றையும் அவற்றின் பிட்ச், பிழையோடு திரையில் அடுக்கிவிட்டால், பெட்டியில் எந்தச் சக்கரம் இருக்கிறது, மாட்டினால் ஒன்றோடொன்று இடிக்காமல் சுழலுமா, அந்த போல்ட் எந்த நட்டில் ஏறப்போகிறது என்பதெல்லாம் தெரிந்த டர்னர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்.